மகுடவீரன் பார்த்த திசை

ஆவாரங்குளத்தில் ஒரு பென்சில் படம் கழுத்தைத் திருப்பிய கதையை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், ஆனால் படம் எப்படித் திரும்பும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. தலை என்று ஒன்று இருந்தால் திரும்பத்தான் செய்யும், கண் என்று ஒன்று இருந்தால் பார்க்கத்தான் செய்யும், யாரைப் பார்க்கத் திரும்பியது என்று கேளப்பா என்கிற ஊர் அது. அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவள் செம்பாயி. ராஜபார்ட் அடைக்கலத்தின் பெண்டாட்டி.

ராஜபார்ட் என்றால் நாடகத்தில் ராசா வேஷம் கட்டுகிறவர். பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரைக்கும் அடைக்கலத்துக்கு வீட்டில் கால் தரிக்காது. எங்கள் பக்கத்து நாடகத்தில் ராசா ஒரு ஊரிலிருந்து வருவார், ராணி வேறொரு ஊரிலிருந்து வருவாள், பபூன் எங்கிருந்தோ வருவார், ஆர்மோனியக்காரர் பஸ் பிடித்து வந்து சேர்வார், மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசுகிறபோதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள், ஒத்திகை கித்திகை ஒன்றும் கிடையாது, எல்லாம் நெஞ்சில் இருக்கிறது, விடிகிறபோது ராசா ராணியைக் கொன்று தானும் செத்து, தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, பகல் முழுக்கத் தூங்குவார். ஒரே மகளையும் மணப்பாறையில் கட்டிக் கொடுத்தாகிவிட்டதால் செம்பாயிக்கு அந்த ஐந்து மாதமும் தானும் தன் ஆடுகளும்தான்.

அடைக்கலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேஷம் மகுடவீரன். மகுடவீரன் நாடகம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. மகுடவீர மகாராசா படையெடுத்துப் போய்த் திரும்பி வருகிறார், மந்திரி அவர் காதைக் கடிக்கிறான், உன் ராணிக்கு வேறொருத்தன் இருக்கிறான் என்கிறான், ராசா அதை நம்பி நீலவேணி என்கிற அந்தப் பாவப்பட்டவளைத் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறார், அப்புறம் மந்திரி சொன்னது பொய் என்று தெரிகிறது, செத்த ராணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பாடுகிற புலம்பலுக்குக் கல்லும் கரையும், கடைசியில் தன் வாளில் தானே விழுந்து சாகிறார். முடிவு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வருஷா வருஷம் கூட்டத்திலிருந்து யாராவது ஒருத்தி, "அட நாசமாப் போறவனே, அவ ஒண்ணும் பண்ணலடா!" என்று மண்ணை வாரித் தூற்றத்தான் செய்வாள்.

இத்தனை பேர் பார்த்த அந்த நாடகத்தை செம்பாயி மட்டும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது. தாலி கட்டினவன் மேடையில் சாகிறதைப் பெண்டாட்டி கண்ணால் பார்த்தால் அது பலித்துவிடும் என்பது நாடகக்காரர் வீடுகளில் உள்ள கட்டு. அதனால் மகுடவீரனைக் கட்டுகிறவரின் சம்சாரம் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். பாட்டெல்லாம் பக்கத்து ஊர் மைக்கில் கேட்டுக் கேட்டு செம்பாயிக்கு மனப்பாடம். பாடுகிறபோது புருஷன் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

அந்த வருஷம் பிடாரியம்மன் திருவிழாவுக்கு வரவேண்டிய ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழி இல்லாமல் விழாக் கமிட்டிக்காரர்கள் உள்ளூர் அடைக்கலத்தையே மகுடவீரனாக மேடை ஏற்றினார்கள். உயர்நிலைப் பள்ளி டிராயிங் மாஸ்டர் ஞானசிகாமணி எப்போதும்போல முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, டியூப்லைட் வெளிச்சத்தில், ராசாவைப் பென்சிலால் வரைந்தார். உள்ளூர்க்காரனை நாமே பெருமைப்படுத்தாமல் யார் பெருமைப்படுத்துவது என்று கமிட்டிக்காரர்கள் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒரு பொன்னாடையோடு கொண்டுவந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

படத்தில் அடைக்கலம் மார்பளவுக்கு இருந்தார். தலையில் கிரீடம், காதில் குண்டலம், உதடு லேசாகப் பிரிந்திருந்தது. செம்பாயி கிட்டே போய் அந்தக் கண்ணைப் பார்த்தாள். எதையோ இமைக்காமல், விடாமல், இதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் கிடையாது என்கிற மாதிரி, ஓரத்தில் ஈரம் கட்டி, அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இந்த மனுஷன் தன்னை ஒருதடவைகூட இப்படிப் பார்த்ததில்லையே, அப்படியானால் யாரைப் பார்த்தார், யார் அந்த மகராசி என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் படம் திரும்பியிருந்தது. நேரே பார்த்துக்கொண்டிருந்த ராசா கழுத்தை வலப்பக்கம் ஒடித்து அடுப்படி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். செம்பாயி படத்தைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள். வந்து பார்த்தால் இப்போது இடப்பக்கம் ஒடித்து அதே ஜன்னலைத்தான் பார்த்தார். திரும்புகிறதை யாரும் பார்க்க முடியாது. சாயங்கால வெயிலில் நிழல் நீளுகிறதை யார் பார்த்தார்கள், நீண்டபிறகுதானே தெரியும், அதுபோல. அடுப்படி ஜன்னலுக்கு நேர் பின்னால் சந்து. சந்தில் ரெஜினாவின் தையல்கடை.

"ஆத்தாடி" என்று செம்பாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தனக்குள் வைத்திருக்க முடியாமல் குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னாள், சொன்னவள் வீடு போய்ச் சேருவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாய்லர் கடை முத்துக்கருப்பன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்த்தான். அவனுக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கிளாஸோடு வந்தார்கள். படம் திரும்பியிருப்பதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் பேச்சு ஆரம்பித்தது.

"இதுல என்னப்பா இருக்கு? ராசான்னா ராணியப் பாக்காம வேற யாரப் பாப்பாரு? ஸ்த்ரீபார்ட் கோகிலவேணியத்தான் பாக்குறாரு" என்றார் ஒருத்தர்.

"கோகிலவேணி திண்டுக்கல்லு. திண்டுக்கல் மேக்க இருக்கு. இவரு கிழக்க பாக்குறாரு" என்றான் முத்துக்கருப்பன்.

அதோடு கோகிலவேணி தப்பித்தாள். கொத்தனார் சவரிமுத்துவைக் கூட்டிவந்து, ராசாவின் கண்மணியிலிருந்து ஜன்னல் வழியாக நூல் பிடித்துப் பார்த்தார்கள். நூல் போய் ரெஜினாவின் தையல் மிஷின் சக்கரத்தில் முட்டியது. ரெஜினா திருப்பூரில் வேலை பார்க்கிற புருஷனை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவள், சிரித்த முகம், ஜாக்கெட் அளவெடுக்கிறபோது ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் கதையைக் கொட்டுகிற இடம் அவள் கடைதான். ஒருத்தி கதையும் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. இப்போது அதையும் அவளுக்கு எதிராகவே சேர்த்துக்கொண்டார்கள். இத்தனை ரகசியத்தை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்குத் தன் ரகசியத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதா என்றார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள்.

அடைக்கலம் வீட்டுக்கு வருவதும் போவதும் செம்பாயிக்கு அப்போதுதான் கண்ணில் உறுத்த ஆரம்பித்தது. முதல் பஸ்ஸில் வருகிற மனுஷன் சிலநாள் சொல்லாமல் கொள்ளாமல் நடுமத்தியானம் வந்து நிற்கிறார். நாடகம் ரத்தாகிவிட்டது என்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோது அங்கே கிடக்கிற செருப்புகளை ஒரு பார்வை பார்க்கிறார். "யாரும் வந்தாங்களா?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்கிறார். ஒருநாளும் இல்லாத திருநாளாக மணப்பாறையிலிருந்து அல்வா வாங்கிவந்து தருகிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும் என்று செம்பாயி அல்வாவை வாங்கி ஆட்டுக்கு வைத்தாள். ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார், கையும் களவுமாகப் பிடித்தபிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அடைக்கலமும் படத்தைப் பார்த்தார். கொஞ்சநேரம் அதன் முன்னால் நின்றார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூங்கப் போய்விட்டார்.

ஊருக்குப் படம் பழகிவிட்டது. ஆடு தொலைத்தவர்கள் ஒருநாள் இரவல் கேட்டார்கள், ராசா ஆட்டையெல்லாம் பார்க்க மாட்டார் என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆன பெண்கள் அந்தத் தெருவில் போகவேண்டாம் என்று மாமியார்கள் சொன்னார்கள், கண்ணேறு படும் என்பதைவிட, ராசா ஒருவேளை அவளைப் பார்த்துத் தொலைத்தால் குடும்ப மானம் என்னாவது என்கிற பயம்தான். சில வீட்டு ஆண்கள் டிராயிங் மாஸ்டரிடம் போய், ஐயா, என் சம்சாரத்தை ஒரு படம் வரைந்து கொடுங்கள், அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். அவர், என்னிடம் பென்சில் இல்லை என்று சொல்லிவிட்டார். விடிந்தும் விடியாமலும் டீக்கடையில், "இன்னிக்கு எங்கிட்டு?" என்று ஒருத்தர் கேட்பார், "கிழக்கதான்" என்று இன்னொருத்தர் சொல்வார். வெயில் எப்படி என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடி, இப்படி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தால் தீராது, படத்தைத் தெருவில் எடுத்துப்போய் வீடு வீடாகக் காட்டிவிடலாம், உண்மை வெளியே வந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். முத்துக்கருப்பன் குளித்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, படத்தை நெஞ்சோடு அணைத்து வெளியே பார்க்கப் பிடித்துக்கொண்டு, சாமி தூக்குகிறவன் மாதிரி முன்னால் நடந்தான். சில பெண்கள் பழக்கதோஷத்தில் வாசலில் தண்ணீர் தெளித்தார்கள்.

செம்பாயிக்கு யாரையும் நம்ப முடியவில்லை. ஒரு வீட்டு வாசலுக்கு வந்ததும், "இருங்க, நான் போயி முதல்ல பாத்துட்டு வாரேன்" என்று உள்ளே போய்விடுவாள். கொடியில் என்ன தொங்குகிறது, மாடத்தில் என்ன இருக்கிறது, அந்த வீட்டுக்காரி முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பாள். அவள் உள்ளே இருக்கிறபோது வெளியே கூட்டம் கத்தும்: "பாரு, பாரு! இந்த வீட்டத்தான் பாக்குறாரு!" தையல்கடைக்குள் போனாள், ராசா தையல்கடையைப் பார்த்தார். சத்துணவு டீச்சர் வீட்டுக்குள் போனாள், ராசா டீச்சர் வீட்டைப் பார்த்தார். எந்த வீட்டின்மேல் செம்பாயிக்குச் சந்தேகம் வந்ததோ அந்த வீட்டை ராசாவும் பார்த்தார், எந்த வீட்டை அவள் சீ, இதெல்லாம் இருக்காது என்று தாண்டிப் போனாளோ அந்த வீட்டை ராசாவும் தாண்டிவிட்டார். தன் மனசில் உள்ளதையே படமும் சொல்கிறது என்று செம்பாயிக்கு ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தாலும் இன்னொரு பக்கம் ஒரு திருப்தி இருந்தது. நான் ஒன்றும் பைத்தியக்காரி இல்லை பார்த்தீர்களா என்று எல்லாரையும் பார்த்தாள்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? டீச்சர் வீட்டில் சண்டை நடந்து பாத்திரங்கள் தெருவுக்கு வந்தன. ரெஜினாவின் புருஷன் திருப்பூரிலிருந்து போன் பேசுவதை நிறுத்தினான். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் அரைகுறையாக இருந்ததைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ரெஜினாவின் அண்ணன் ஒரு குட்டியானை வண்டியோடு வந்து நின்று, கிளம்பு, இந்த ஊர் உனக்கு வேண்டாம் என்றான். தையல் மிஷினை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ரெஜினா வண்டியில் ஏறப் போனவள் இறங்கி, கையில் அளவு டேப்போடு, விறுவிறுவென்று செம்பாயி வீட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது.

"அக்கா, வெளிய வாங்க."

செம்பாயி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் வாசலுக்கு வந்தாள்.

"நான் உங்க புருஷன மாமான்னு கூப்புட்டு ஒரு வாய்த் தண்ணி குடுத்ததுகூட இல்ல. மாதா சத்தியம். போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு உங்க படம் என் கடையப் பாத்துச்சுல்ல, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உன் கடைக்குள்ளதான் இருந்தேன்."

"டீச்சர் வீட்டப் பாத்தப்ப?"

"டீச்சர் வீட்ல."

"எந்நேரமும் அடுப்படி ஜன்னலப் பாக்குதுங்கிறீங்களே, எந்நேரமும் அடுப்படியில நிக்கிறது யாரு? நானா?"

செம்பாயி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரெஜினா உள்ளே போய்ப் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து முத்துக்கருப்பன் கையில் திணித்தாள். "புடிண்ணே. அக்கா, நீங்க வேப்பமரத்துக்குப் போங்க."

செம்பாயி வேப்பமரத்துக்குப் போனாள். எல்லாரும் ஒரு தடவை கண்ணை இமைத்தார்கள். ராசா வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இப்ப குழாயடிக்கு."

ராசா குழாயடியைப் பார்த்தார். செம்பாயி கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்றாள், ராசா கோழிக்கூண்டைப் பார்த்தார்.

அப்புறம் ஒருத்தி குலவை போட்டாள். "அடி கிறுக்கிச் சிறுக்கி! உன்னத்தான்டி! உன் புருஷன் உன்னத்தான்டி பாக்குறாரு!" என்று பெண்கள் ஓடிவந்து செம்பாயியைக் கட்டிக்கொண்டார்கள். முத்துக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது, படத்தைக் கீழே வைக்காமலே அழுதான். மேடையில் ராணி பக்கத்தில் நின்றாலும் மனசு பெண்டாட்டியிடம்தான் இருந்திருக்கிறது, இதுவல்லவா தாம்பத்யம் என்றார்கள். குலவைச் சத்தத்தில் ரெஜினா ஏறிய வண்டி கிளம்பிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. அவள் திரும்பி வரவே இல்லை, அந்தக் கடை இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால், சே, நாங்கள் எங்கே அவளைச் சொன்னோம் என்பார்கள்.

அன்றிலிருந்து ஊருக்கு வேறு வேலை வந்தது. படத்துக்கு மல்லிகைச் சரம் போட்டார்கள். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்களைக் கூட்டிவந்து காட்டினார்கள், பார்த்துக்கொள், ஆம்பளைக்கும் பாசம் இருக்கும் என்றார்கள். வெளியூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, செம்பாயியை இப்படி நட, அப்படி நட என்று நடக்கச் சொல்லி, படம் திரும்பியிருக்கிறதைப் பார்த்துவிட்டுக் கைகோத்துக்கொண்டு போனார்கள்.

செம்பாயிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. தலைக்குக் குளித்து, பூ வைத்து, படத்தின் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை பாசத்தை உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுஷன் உம்மணாமூஞ்சியாக இருந்தார் என்று நினைக்க நினைக்க அழுகையும் சிரிப்புமாக வந்தது. மறுநாள் பால்காரரிடம் நின்று அவர் மகள் பிரசவத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினாள். ராசா பார்த்துக்கொண்டிருந்தார். கண் கொஞ்சம் சுருங்கியிருந்த மாதிரி தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ சொல்ல, இவள் வாய்விட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரும்பினால் ராசா பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக் கொஞ்சினால் பார்த்தார். சும்மா சுவரில் சாய்ந்து, ஒரு காரணமும் இல்லாமல் மனசு லேசாக இருக்கிறதே என்று அவள் உட்கார்ந்திருந்தால் அப்போதும் பார்த்தார். பாசமாகப் பார்க்கிற கண் பார்த்தால் உடம்பு குளிரும். இவளுக்கு முதுகு கூசியது. ஒரு துணியை எடுத்துப் படத்தை மூடினாள். மூடின துணியும் அவள் இருக்கிற பக்கமாக லேசாகப் புடைத்துக்கொண்டது.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய் டிராயிங் மாஸ்டர் ஞானசிகாமணியைப் பார்த்தாள். அவர் பிள்ளைகளுக்குப் பானையும் மாங்காயும் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

"சார், அந்தப் படம் நீங்க எந்தக் கட்டத்துல வரைஞ்சது? பொலம்பல் பாட்டுக்குத்தான?"

"புலம்பல்ல எங்கம்மா வரையறது? கண்ணுல தண்ணி வந்து தாள் நனைஞ்சுரும்."

"அப்ப?"

மாஸ்டர் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். சொல்லலாமா என்று யோசிக்கிறது தெரிந்தது. "அதுக்கு முந்தின கட்டம். ராணி தூங்கிட்டு இருப்பா. ராசா தலமாட்டுல வந்து நிப்பாரு. இவ நிசமா, பொய்யான்னு அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிப்பாரு. பாட்டு கிடையாது, வசனம் கிடையாது, ஆர்மோனியம்கூட நின்னுரும். மத்தவங்க அந்தக் கட்டத்துல முழிய உருட்டுவாங்க. அடைக்கலம் அப்படிப் பண்ண மாட்டாரு. ஆசையாப் பாப்பாரு. எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு. அதான் வரைஞ்சேன்."

"அதுக்கப்புறம்தான கழுத்த நெரிக்கிறது?"

"ஆமாம்மா."

செம்பாயி வீட்டுக்கு நடந்து வந்தாள். அல்வாவும், நடுமத்தியான வருகையும், செருப்பைப் பார்க்கிற பார்வையும் வழி முழுக்க அவளோடு கூடவே வந்தன. அத்தனையையும் அவர் குற்றம் என்றல்லவா நினைத்தாள்! அவர் இவளைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறார், இவள் அவரைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், நடுவில் ஒரு பாவமும் அறியாத ரெஜினாவைப் பலி கொடுத்தாகிவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது. அதற்கும் மேலே கோபம் வந்தது. எந்தக் குறையைக் கண்டார் இந்த மனுஷன்?

அடைக்கலம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, ராத்திரி நாடகத்துக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். செம்பாயி படத்தை மூடியிருந்த துணியை எடுத்து அவர் மடியில் போட்டாள். படத்து ராசா ஒரு பக்கம், பெட்டி கட்டுகிற ராசா ஒரு பக்கம், இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, கேளுங்க."

"என்னத்தக் கேக்க?"

"நீங்க இத்தன நாளாக் கேக்காம வச்சிருக்கிறத. ஊர்ல எல்லாரும் பாசமாப் பாக்குறீங்கன்னு பூ போடுறாங்க. நான் மாஸ்டரப் பாத்துட்டு வந்துட்டேன். எவன்னு நினைக்கிறீங்க? பேரச் சொல்லுங்க."

அடைக்கலம் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எவனும் இல்ல" என்றார் கடைசியில். "அது எனக்கு நல்லாத் தெரியும் புள்ள. காலம்பற வந்து பாத்தேன், உச்சி நேரத்துல வந்து பாத்தேன், எவனும் இல்ல."

"பொறகு?"

"வாசல் வரைக்கும் வருவேன். கதவு சாத்தியிருக்கும். உள்ள நீ பாடிக்கிட்டு இருப்ப. நாடகப் பாட்டு இல்ல, ஏதோ ஒண்ணு, அடியும் இல்ல முடியும் இல்ல, அவ்வளவு நல்லாருக்கும். நானும் எத்தன ஊர்ல எத்தன பேரு பாடிக் கேட்டுருக்கேன். நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். பொறகு கதவத் தட்டுவேன். தட்டுன உடனே பாட்டு நின்னுரும். ஒருநாள்கூட தட்டுன பொறகு நீ பாடுனதில்ல. யாருக்குப் பாடுறவ, என்னயக் கண்டா எதுக்கு நிப்பாட்டுறா? நீ தூங்குறப்ப உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுருக்கேன். ஒண்ணும் தெரியல."

செம்பாயிக்குத் திக்கென்றது. தான் பாடுகிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது. இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, ஆனால் பொய் சொன்னால் இந்த ஆளின் முகம் எப்படி ஆகும் என்று இத்தனை நாளாகச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

"யாருக்கும் பாடல."

"நான் இல்லாதப்ப சந்தோசமா இருக்கியா?"

கோழி ஒன்று உள்ளே வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெளியே போனது.

"ஆமாங்க" என்றாள் செம்பாயி. "நீங்க வந்தா வேணாம்னு இல்ல. நீங்க வரலேன்னா மனசு கெடந்து அடிச்சுக்கும். ஆனா நீங்க இல்லாதப்ப நல்லாருக்கேன். நெசந்தான்."

அடைக்கலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "இதுக்கு ஒருத்தன் இருந்திருந்தாத் தேவல" என்றார். "அவன்கிட்டப் போயிச் சண்டை போட்டிருப்பேன். இதுக்கு எங்க போயி, யார்கிட்டச் சண்டை போடுறது?"

அழுகிறார் என்று செம்பாயிக்குத் தெரிந்தது, அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் கையைத் தட்டிவிடவில்லை. கொஞ்சநேரம் கழித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்து வெளியே போய், கதவைச் சாத்தினார்.

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் கேட்கவில்லை.

வாசலில் நிற்கிறார் என்று செம்பாயிக்குப் புரிந்தது. சுவரில் இருக்கிற படம் எங்கே பார்க்கிறது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, கூச்சமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்து உட்கார்ந்து, அவர் கேட்கிறார் என்று தெரிந்தே பாட ஆரம்பித்தாள். முதலில் குரல் பிசிறியது, அப்புறம் சரியாகிவிட்டது. பாட்டு முடிகிறவரைக்கும் வெளியே செருப்புச் சத்தம் கேட்கவில்லை.